இடது, வலது, இடது, வலது

தூக்க ஆய்வுக்கு வந்தவரின் தலையிலும் முகத்திலும் வயர்களை ஒட்டி முடித்த பிறகு, விளக்கை அணைக்கும் முன் பக்கத்து அறைக்குப் போய் மைக்கில் சில கட்டளைகள் கொடுப்போம். "கண்ணை மூடுங்க. திறங்க. தலையை ஆட்டாம கண்ணை மட்டும் இடது பக்கம் கொண்டுபோங்க. இப்ப வலது. மறுபடி இடது." லாரி ஓட்டுநரோ, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ, ஒரு கணம் சிரித்துவிட்டுத்தான் செய்வார்கள். வயர்கள் ஒழுங்காக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கத்தான் இது. கண் ஒரு சின்ன பேட்டரி. முன்பக்கத்துக் கார்னியா நேர்மின், பின்பக்கத்து விழித்திரை எதிர்மின். கண் திரும்பும்போது ஓரங்களில் ஒட்டிய இரண்டு எலக்ட்ரோடுகளில் ஒன்றை நேர்மின் பக்கமும் மற்றதை எதிர்மின் பக்கமும் நெருங்கும். திரையில் இரண்டு கோடுகள் எதிரும் புதிருமாகத் துள்ளும். தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன்கூடத் தவறவிட முடியாத உருவம் அது.

கனவு காணும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்ளவும், அந்தக் கனவைத் தன் இஷ்டப்படி நடத்தவும் மனிதனால் முடியும் என்பது மிகப் பழைய பேச்சு. இன்று அதை லூசிட் ட்ரீம் என்கிறார்கள். தமிழில் தெளிகனவு எனலாம். அந்தப் பேச்சுக்குக் கடைசியில் சாட்சி சொன்னது இந்த இரண்டு கோடுகள்தான். இதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் தத்துவத்திலோ யோகத்திலோ தொடங்கி அங்கேயே நின்றுவிடுவார்கள். நான் மூளை அலைகளைக் காகிதத்தில் பதியும் ஈஈஜி இயந்திரத்தில் வேலை பழகி, பிறகு தூக்க ஆய்வகத்துக்கு வந்தவள். நோயாளிகள் என்னை 'சிஸ்டர்' என்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். எனக்கு இது கோடுகளின் கதை. யார் சொன்னார்கள் என்பதோடு, யார் நம்பினார்கள், எதைக் காட்டியதால் நம்பினார்கள் என்பதும் இதில் சேரும்.

சொன்னவர்களுக்குப் பஞ்சமில்லை. தூங்கும்போது உள்ளிருந்து ஏதோ ஒன்று 'தெரிவதெல்லாம் கனவே' என்று சொல்வதுண்டு என்று அரிஸ்டாட்டில் கனவுகள் பற்றிய தன் நூலில் போகிற போக்கில் எழுதிவிட்டார். கி.பி. 415 வாக்கில் புனித அகஸ்டின் தன் நண்பர் எவோடியஸுக்கு எழுதிய கடிதத்தில் கென்னாடியஸ் என்ற மருத்துவரின் கனவு வருகிறது. கனவில் ஓர் இளைஞன் வந்து அவரை அழகான நகரம் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறான். இன்னொரு இரவும் வருகிறான். என்னைத் தெரிகிறதா, இப்போது உன் உடல் எங்கே இருக்கிறது என்று கேட்கிறான். படுக்கையில் என்கிறார் மருத்துவர். கண்கள் மூடியிருக்க, எதைக் கொண்டு என்னைப் பார்க்கிறாய் என்று அடுத்த கேள்வி. மருத்துவரிடம் பதில் இல்லை. அகஸ்டின் இதைச் சொன்னது மரணத்துக்குப் பின்னும் உயிர் உண்டு என்று காட்ட. எனக்கோ, கண் மூடியிருப்பதைப் பற்றித் தூங்குகிறவரிடமே கேட்ட அந்தக் கேள்விதான் பிடித்தது.

திபெத்தில் இதை முறையான பயிற்சியாகவே வைத்திருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் நாரோபா என்ற குருவிடம் கற்று மார்பா என்ற திபெத்தியர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஆறு யோகங்களில் ஒன்று கனவு யோகம். பகல் முழுவதும் காண்பதையெல்லாம் கனவு என்றே எண்ணிப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் இரவிலும் தொடரும். கனவென்று தெரிந்த பிறகு நெருப்பை நீராக மாற்றலாம், ஒன்றைப் பலவாக்கலாம், சிறியதைப் பெரிதாக்கலாம். இத்தனையும் வேடிக்கைக்காக இல்லை. விழித்திருக்கும்போது காணும் உலகமும் இதே போல்தான் என்று உணரத்தான். டபிள்யூ. ஒய். எவன்ஸ்-வென்ட்ஸ் பதிப்பித்த நூல் வழியாக 1935இல் இந்தப் பயிற்சிகள் ஆங்கிலம் படிப்பவர்களைச் சென்றடைந்தன.

நான் அதிகம் யோசித்த மனிதர் இவர்களில் யாரும் இல்லை. பாரிஸில் 1822இல் பிறந்த எர்வே தெ சென்-தெனி என்ற பிரபு. சீன மொழி அறிஞர். தாங் காலத்துக் கவிதைகளை 1862இல் பிரெஞ்சில் தந்தவர். பிற்காலத்தில் கொலேழ் த பிரான்ஸில் சீன மொழிப் பேராசிரியர். பள்ளித் தோழர்கள் இல்லாமல் வீட்டிலேயே படித்து வளர்ந்த இந்தப் பையன், 13 வயதில் பொழுதுபோக்காகத் தன் கனவுகளை வரைய ஆரம்பித்தான். பிறகு தினமும் எழுதினான். 22 நோட்டுப் புத்தகங்கள், வண்ணப் படங்களோடு, 1,946 இரவுகள்.

இந்த எண்ணிக்கையைப் படித்தபோது எனக்கு அவர்மேல் தொழில்முறை மரியாதை வந்தது. ஆர்வத்தில் தொடங்கும் நோட்டுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வராதவர்களுக்கு மருத்துவர் தூக்க டைரி எழுதச் சொல்வார். இரண்டு வாரம் எழுதிக் கொண்டுவருவதற்குள் நம் ஆட்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரே பேனாவால் பதினான்கு நாளையும் நிரப்புவார்கள். எர்வே ஐந்து வருடத்துக்கு மேல் விடாமல் எழுதினார். அவருக்குத் தெளிகனவு வந்ததே இந்த எழுத்தினால்தான். எழுதி எழுதி, கனவுக்குள்ளேயும் 'இதைக் காலையில் குறித்துவைக்க வேண்டுமே' என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு 'அப்படியானால் இது கனவு' என்ற அறிவும் வந்தது. முதல் முறை நடந்தது 207ஆவது இரவில். இரண்டாவது 214ஆவது இரவில். ஆறு மாதம் கழித்து ஐந்து இரவுக்கு இரண்டு; ஒரு வருடத்தில் நான்குக்கு மூன்று; பதினைந்து மாதத்தில் ஏறக்குறைய தினமும். ஒரு வாரத்தில் கற்றுத்தருகிறேன் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த 207ஐ ஒருமுறை பார்ப்பது நல்லது.

எர்வே செய்த சோதனைகள் அழகானவை. விவாரே பகுதிக்கு ஒரு பயணம் போகும்போது அதுவரை பழகியிராத வாசனைத் திரவியம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அங்கே இருந்த நாட்களெல்லாம் கைக்குட்டையில் அதே வாசனை. ஊர் திரும்பியதும் குப்பியை இறுக மூடி வைத்துவிட்டார். மாதங்கள் கழித்து வேலைக்காரனிடம் குப்பியைக் கொடுத்து, 'நான் தூங்கும்போது தலையணையில் சில துளி தெளி. எந்த நாள் என்பதை நீயே முடிவு செய், என்னிடம் சொல்லாதே' என்றார். வேலைக்காரன் தெளித்த நாளில் விவாரே மலைகள் கனவில் வந்தன. வேறொரு வாசனையை ஓர் ஓவியரின் கூடத்தோடு சேர்த்துப் பழக்கினார். இரண்டையும் ஒரே இரவில் தெளிக்கச் செய்தபோது மலை நாட்டு வீடும் ஓவியக் கூடத்து மனிதர்களும் ஒரே கனவில் கலந்து வந்தார்கள். நடன விருந்துகளிலும் விடவில்லை. வாத்தியக் குழுத் தலைவரோடு பேசிவைத்து, ஒரு பெண்மணியோடு ஆடும்போது எப்போதும் ஒரு குறிப்பிட்ட வால்ட்ஸ் இசை, மற்றொருவரோடு ஆடும்போது வேறொன்று என்று ஏற்பாடு. பிறகு அந்த இசை வாசிக்கும் பெட்டியை அலாரக் கடிகாரத்தோடு இணைத்து வைத்துவிட்டுத் தூங்கினார். எந்த இசை ஒலித்ததோ அந்தப் பெண்மணி கனவில் வந்தார். இது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி! நாளைத் தனக்கே தெரியாமல் மறைத்துவைக்கும் அந்த ஏற்பாடு இன்றைய மருந்துச் சோதனைகளின் அடிப்படை விதி. அந்த வேலைக்காரனின் பெயர் நமக்குக் கிடைக்காததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இரவில் விழித்திருப்பவன்தானே இந்த வேலையில் பாதி.

கனவுக்குள்ளும் சோதனை செய்தார். உயரத்திலிருந்து குதித்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளக் கனவில் ஒரு சன்னலிலிருந்து குதித்தார். குதித்ததும் காட்சி மாறி, ஒரு தேவாலயத்தின் முன்னால் கூட்டத்தில் நிற்கிறார். நடுவே பிணம் கிடக்கிறது. யாரோ கோபுரத்திலிருந்து விழுந்துவிட்டானாம். தன் சாவை மனம் காட்டவில்லை, ஆளை மாற்றிவிட்டது. இன்னொன்று, திரும்பத் திரும்ப வந்த ஒரு கெட்ட கனவு. கோர உருவங்கள் அறை அறையாகத் துரத்தும். ஒருமுறை கனவென்று தெரிந்ததும் ஓடுவதை நிறுத்தி, சுவரில் முதுகைச் சாய்த்து அவற்றை நேருக்கு நேராக உற்றுப் பார்த்தார். முன்னால் வந்த பூதம் மெல்ல மெல்லத் தொங்கும் கந்தல் துணியாகிவிட்டது. இன்று கெட்ட கனவுகளுக்கு அளிக்கும் சிகிச்சைகள் சிலவற்றின் வித்து இதில் இருக்கிறது.

இதையெல்லாம் 1867இல் தன் பெயர் போடாமல் ஒரு நூலாக வெளியிட்டார். கனவுகளும் அவற்றை நடத்தும் வழிகளும் என்பது அதன் பொருள். அதே ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியின் சீனப் பகுதிக்கும் அவர் பொறுப்பாளராக இருந்தார். நூல் சீக்கிரமே கிடைப்பதற்கு அரிதாகிப்போனது. எவ்வளவு முயன்றும் தனக்கு அது கிடைக்கவில்லை என்று கனவுகளின் விளக்கம் எழுதிய ஃபிராய்டே குறிப்பிடுகிறார்.

அந்தக் காலத்தில் கனவு ஆய்வில் பெயர் வாங்கியவர் ஆல்ஃபிரட் மோரி என்ற அறிஞர். பிரெஞ்சுப் புரட்சியில் தான் கைதாகி, விசாரிக்கப்பட்டு, வண்டியில் ஏற்றப்பட்டு, கில்லட்டினில் தலை வெட்டுப்படும் நீளமான கனவைக் கண்டு மோரி விழித்தார். கட்டிலின் மேல்சட்டம் கழன்று கழுத்தில் விழுந்திருந்தது. சட்டம் விழுந்த நொடிக்குள் முழுக் கனவும் நடந்து முடிந்தது என்று முடிவு கட்டினார். கனவு என்றால் கண் இமைக்கும் நேரத்துச் சங்கதி என்ற நம்பிக்கை வெகுகாலம் நிலைத்ததற்கு இந்த ஒரு கதை பெரிய காரணம். எர்வே அதை ஏற்கவில்லை. அவர் கையில் நோட்டுப் புத்தகங்கள் இருந்தன, கடிகாரம் இல்லை.

அடுத்து வருகிறவர் ஹாலந்தின் மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடெரிக் வான் ஈடன். 1898 ஜனவரி 20 முதல் 1912 டிசம்பர் 26 வரை 352 தெளிகனவுகளைக் குறித்துவைத்து, 1913இல் லண்டனில் உள்ள அதீத உளவியல் ஆராய்ச்சிச் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார். கனவில் ஒரு கண்ணாடிக் கோப்பையை ஓங்கி உடைக்கப் பார்த்தாராம், உடையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் உடைந்து கிடந்தது. நாடகத்தில் நடிகர் தாமதமாக வந்தது போல என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். நல்ல கவனிப்பு. ஆனால் அந்தச் சங்கம் ஆவிகளையும் ஆராய்ந்த சங்கம். அங்கே படித்த கட்டுரையைப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஏன் தொடப்போகிறார்கள்?

கோடுகள் வருவது 1953இல். சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தூங்குகிறவர்களின் கண் ஓரத்தில் எலக்ட்ரோடு ஒட்டி இரவு முழுவதும் காகிதத்தை ஓடவிட்டார். தன் சிறுவயது மகனையும் படுக்கவைத்துப் பதிவு செய்தார். தூக்கத்தின் நடுவே சில நேரங்களில் கண்கள் மூடிய இமைக்குள் படபடவென்று ஓடுவதைக் கண்டார். அவரும் அவருடைய ஆசிரியர் நதானியேல் கிளெய்ட்மனும் வெளியிட்ட அந்தக் கட்டுரைதான் வேகக் கண்ணசைவுத் தூக்கத்தின், அதாவது ரெம் தூக்கத்தின் பிறப்பு. அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலும் கனவு சொன்னார்கள்.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கப் பதிவில் வழக்கமான வேகம் நொடிக்கு 10 மில்லிமீட்டர். ஒரு பக்கம் 30 நொடி. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 960 பக்கம், அதாவது 288 மீட்டர் காகிதம். மையும் அடைத்துக்கொள்ளும், பேனாவும் சிக்கிக்கொள்ளும். நான் பழகிய இயந்திரம் பகல் ஈஈஜிக்குத்தான். அதிலேயே மை தெறித்து என் புடவைகள் பாழாயின. இரவு முழுவதும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் கும்பிடு போடுவேன்.

1959இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. பிரான்ஸின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே பூனைகளை வைத்து, ரெம் தூக்கத்தில் உடலின் தசைகள் முற்றாகத் தளர்ந்துபோகின்றன என்று காட்டினார். கனவில் ஓடினாலும் கால் அசையாது. அசைய மூளை விடாது. தப்புவது மூச்சுத் தசைகளும் கண் தசைகளும்தான். அதே ஆண்டில் நார்மன் மால்கம் என்ற தத்துவவாதி கனவு பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 'நான் தூங்குகிறேன்' என்று தூங்குகிறவன் அறிந்து சொல்வதென்பது பொருளற்றது, சொன்னால் அவன் தூங்கவில்லை என்பது அவர் வாதம். படித்தவர்கள் பலருக்கு அது சரியாகவே பட்டது. தெளிகனவு கண்டேன் என்று சொன்னவர்களிடம், 'நடுவில் விழித்திருப்பாய், அதைக் கனவென்று நினைத்துக்கொண்டாய்' என்றார்கள். இதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. எழுந்த பிறகு சொல்வதெல்லாம் எழுந்த பிறகு சொல்வதுதானே.

ஜூவேயின் பூனைகளையும் மால்கமின் வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை தானே தெரியும் என்று இன்று தோன்றும். பதினாறு வருடம் யாருக்கும் தோன்றவில்லை. சீலியா கிரீன் என்ற ஆய்வாளர் 1968இல் தெளிகனவுகள் பற்றி ஒரு முழு நூலே எழுதி, பழைய குறிப்புகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்தார். அதன் பிறகுதான் இங்கிலாந்தின் ஹல் நகரம் கதைக்குள் வருகிறது.

ஹல் அப்போது மீன்பிடித் துறைமுகம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற உளவியல் ஆராய்ச்சி மாணவர் தூக்க ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஆலன் வொர்ஸ்லி என்பவர் சிறுவயதிலிருந்தே தன் கனவுகளில் சோதனை செய்து பழகியவர். அந்த ஆய்வகத்தில் படுக்க வந்த அவரிடம் ஹெர்னுக்கு ஒரு கேள்வி: தூங்கும்போது தெளிகனவு வந்தால் எனக்கு எப்படித் தெரிவிப்பாய்? கை அசையாது, வாய் பேசாது. கண் அசையும். கனவுக்குள் இடதும் வலதுமாக இத்தனை தடவை பார் என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். நாங்கள் விளக்கணைக்கும் முன் எல்லா நோயாளியிடமும் செய்யச் சொல்கிறோமே, அதே அசைவு. வொர்ஸ்லி செய்ய வேண்டியது விளக்கணைத்துப் பல மணி நேரம் கழித்து, கனவுக்குள்ளிருந்து.

1975 ஏப்ரல் 12, காலை. பேனாக்கள் ரெம் தூக்கத்தை எழுதிக்கொண்டிருக்கின்றன. ரெம்மில் கண் கோடுகள் கன்னாபின்னாவென்று ஓடும், ஒழுங்கு இருக்காது. அதன் நடுவே ஒழுங்காக, பெரிதாக, இடது வலது இடது வலது என்று கோடுகள் ஏறி இறங்கின. தாடையில் ஒட்டிய எலக்ட்ரோடின் கோடு தட்டையாகவே இருந்தது. என் போன்றவர்களுக்கு இந்தத் தாடைக் கோடுதான் முக்கியம். விழித்தவனின் தாடை சும்மா இருக்காது; அந்தக் கோடு தடித்துவிடும். தட்டையாக இருந்ததென்றால் ஆள் தூங்குகிறார். தூங்கிக்கொண்டே, 'நான் தூங்குகிறேன், எனக்கு அது தெரிகிறது' என்று சொல்லிவிட்டார். மால்கம் பொருளற்றது என்ற வாக்கியம் காகிதத்தில் மையால் எழுதப்பட்டுவிட்டது.

காலை நேரம் என்பதும் தற்செயல் இல்லை. ரெம் தூக்கம் இரவின் முதல் பாதியில் சில நிமிடங்களே வந்து போகும். விடிய விடிய நீளும். நீளமான கனவுகள் அப்போதுதான். எழுந்ததும் நினைவில் நிற்பதும் அவைதான். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று எங்கள் அப்பத்தா சொல்வார். பலிப்பதைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது. மறக்காமல் சொல்ல முடிகிற கனவு விடியற்காலைக் கனவுதான் என்பதற்கு என்னிடம் கட்டுக்கட்டாக ஆதாரம் உண்டு.

வொர்ஸ்லி அதோடு நிற்கவில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்வகங்களில் படுத்து, கனவுக்குள் என்னென்ன முடியும், என்னென்ன முடியாது என்று பார்த்தார். ஹெர்னும் தெளிகனவு காண்கிற எட்டுப் பேரிடம், கனவில் இருட்டான அறைக்குள் போய் விளக்கு சுவிட்சைப் போடுங்கள் என்றார். பெரும்பாலோரால் முடியவில்லை. சுவிட்ச் வேலை செய்யாது, பல்பு மினுக்கும், மின்சாரம் போய்விடும். மலையைத் தாண்டிப் பறக்க முடிகிறவருக்கு ஒரு பல்பைப் போட முடியவில்லை. கனவைக் கட்டுப்படுத்துவது என்று நாம் சொல்வதன் எல்லை இங்கே தெரிகிறது.

ஹெர்ன் இந்த முடிவுகளை 1978இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தார். பெரிய இதழில் கட்டுரையாக வரவில்லை. அட்லாண்டிக்கின் மறுகரையில், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில், ஸ்டீவன் லாபெர்ஜ் என்ற மாணவர் ஹல் சங்கதி தெரியாமலே அதே வழியைக் கண்டுபிடித்தார். அவரே படுத்தார், உடன் பணியாற்றிய லின் நேகல் பக்கத்தறையில் பதிவு செய்தார். 1978 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. கனவில் தான் வேக்வம் கிளீனரின் கையேடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்ததாக லாபெர்ஜ் எழுதியிருக்கிறார். இத்தனை நூற்றாண்டு காத்திருந்த சேதிக்கு இப்படி ஒரு மேடை! 1981இல் ஐந்து பேரின் பதிவுகளோடு கட்டுரை வெளியானது. பிறகு அவர் செய்த ஒரு சோதனை மோரியின் கில்லட்டினுக்குப் பதில். கனவில் கண்ணால் சைகை செய், மனதுக்குள் பத்து நொடி எண்ணு, மறுபடி சைகை செய். காகிதத்தில் இரண்டு சைகைகளுக்கும் இடையே ஏறக்குறைய விழித்திருக்கும்போது எண்ணுகிற அதே நேரம். எர்வேயிடம் இல்லாத கடிகாரம் நூறு வருடம் கழித்து வந்து அவர் பக்கம் சாட்சி சொன்னது.

புகழ் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனது. தெளிகனவு பற்றிய பிரபலமான எழுத்துகளில் முதல் பெயராக லாபெர்ஜ் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஹல் சில இடங்களில் அடிக்குறிப்பு, சில இடங்களில் அதுவும் இல்லை. லாபெர்ஜ் திருடவில்லை, தானாகக் கண்டார், இதழில் வெளியிட்டார், பல பேருக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் இந்தத் துறையே இருந்திருக்காது. ஆனாலும் முதல் கோடு 1975 ஏப்ரலில் விழுந்தது. அதை அனுப்பியவர் வொர்ஸ்லி. படுக்கையில் படுப்பவரை 'சோதனைக்கு உட்பட்டவர்' என்று பெயரில்லாமல் எழுதுவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். இங்கே கண்டுபிடிப்பில் பாதி அவருடையது.

கண்டுபிடிப்பு வந்தால் கடை வரும். ஹெர்னே ஒரு கனவு இயந்திரம் செய்தார்: மூக்கின் மூச்சு ஓட்டத்தை வைத்து ரெம்மை யூகித்து, மணிக்கட்டில் மெல்லிய மின்துடிப்பு கொடுக்கும். லாபெர்ஜ் ஆரம்பித்த நிறுவனம் கண் அசைவைக் கண்டதும் இமைமேல் விளக்கு மின்னும் முகமூடியை 1990களில் விற்றது. இன்று அதன் பேரப்பிள்ளைகள் ஆன்லைனில் கொட்டிக்கிடக்கின்றன. எங்களிடம் வந்த ஒரு கல்லூரிப் பையன் அப்படி ஒன்றைப் பையில் வைத்திருந்தான். "இதைப் போட்டா கனவுல பறக்கலாம்னு போட்டிருந்தாங்க சிஸ்டர்" என்றான். "பறந்தியாப்பா?" என்றேன். "தூக்கம்தான் பறந்துச்சு" என்றான். அவனுக்குப் பகலில் திடீர் திடீரென்று தூக்கம் வரும் நார்கோலெப்ஸி நோய் இருந்தது பிறகு தெரிந்தது. அந்த நோயாளிகளுக்குத் தெளிகனவு மற்றவர்களைவிட அதிகம் வரும் என்று பாரிஸில் இசபெல் ஆர்னுல்ஃபின் குழு காட்டியிருக்கிறது. அவனுக்கு முகமூடியே தேவைப்பட்டிருக்காது.

2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வகங்கள் நான்கும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. இதுவரை கனவிலிருந்து சேதி வெளியே வந்தது. இவர்கள் உள்ளேயும் அனுப்பினார்கள். ரெம் தூக்கத்தில் இருப்பவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று மெல்லக் கேட்டார்கள். கனவிலிருந்தவர் கண்ணை இடமும் வலமுமாக இரண்டு முறை ஓட்டினார். கென்னாடியஸிடம் கனவிளைஞன் கேட்ட கேள்வி அறைக்கு வெளியிலிருந்து கேட்கப்பட்டு, பதிலும் வந்துவிட்டது. 36 பேர், 158 முயற்சிகள். சரியான விடை 29. ஏறக்குறைய அறுபது சதவீதம் பதிலே இல்லை. செய்தித்தாள்கள் 'கனவுக்குள் உரையாடல்' என்று தலைப்புப் போட்டன. அந்த அறுபது சதவீதத்தை யாரும் தலைப்பில் போடவில்லை. எனக்கு இரண்டும் முக்கியம். பதில் வராத இரவுகளிலும் யாரோ ஒருவர் கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு எர்வேயின் வழி இன்றும் செலவில்லாதது: தலைமாட்டில் ஒரு நோட்டு, ஒரு பேனா, எழுந்ததும் கனவை எழுதும் பழக்கம். லாபெர்ஜ் அதோடு சேர்த்தது, மறுபடி தூங்கப்போகும்போது 'அடுத்த கனவில் இது கனவென்று நினைவுக்குக் கொண்டுவருவேன்' என்று மனதில் பதியவைப்பது. அலாரம் வைத்து விடியலுக்கு முன் எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து மறுபடி தூங்கினால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அந்த அலாரம் உங்கள் தூக்கத்திலிருந்துதான் நேரத்தை எடுக்கிறது என்பதும் உண்மை. காலையில் வண்டி ஓட்டுகிறவர்கள், ஷிப்ட் வேலைக்காரர்கள் இதில் இறங்க வேண்டாம். பலத்த குறட்டையோ பகல் தூக்கமோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். அல்சைமர் நோய்க்குத் தரும் காலன்டமைன் என்ற மருந்து தெளிகனவைக் கூட்டுகிறது என்று 2018இல் 121 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. அதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் எழுதித் தராமல் அதை வாங்கிப் போடாதீர்கள்.